அதிகமா, குறைவா? பிறவியிலேயே வரும் ஒரு ஹார்மோன் கோளாறும் என் உடம்பும்

போன தை மாதம் தோவாளை பக்கம் ஒரு கல்யாண வீடு. பந்தியில் பக்கத்து இலையில் இருந்த மாமி என் தாடையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: “என்ன மக்ளே, ஹார்மோன் பிரச்சினையா? எங்க மைனி பிள்ளைக்கும் இருந்து. தைராய்டு குளிகை தின்னு எல்லாம் சரியாப் போச்சு.”

அவர் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் தைராய்டு வேறு, எனக்கு இருப்பது வேறு. நம் ஊரில் முகத்தில் முடி வந்தாலும், உடம்பு போட்டாலும், மாதவிலக்கு தள்ளிப் போனாலும், பிள்ளை உண்டாகாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் ‘ஹார்மோன்’ என்ற ஒரே சொல்தான். அந்த ஒரு சொல்லுக்குள் பத்து விதமான நிலைகள் இருக்கின்றன. அதில் எனக்குப் பிறக்கும்போதே வந்த ஒன்றை மட்டும், உயிரியல் படித்து மறந்துபோனவர்களுக்கும் புரிகிற மாதிரி சொல்லப் பார்க்கிறேன். அதன் பெயர் பிறவி அட்ரீனல் மிகைவளர்ச்சி. டாக்டர்கள் சுருக்கமாக சி.ஏ.ஹெச். என்பார்கள், நானும் இனி அப்படியே சொல்கிறேன்.

எனக்கு 34 வயது. இதைப் பற்றி வாயைத் திறக்கவே எனக்கு 20 வயதுக்கு மேல் ஆனது.

முதலில் ஹார்மோன் என்றால் என்ன

அம்மையின் ஊர் குளச்சல் பக்கம், கடற்கரை. அங்கே கோயில் மணி அடித்தால் ஊர் முழுக்கக் கேட்கும். ஆனால் கேட்கிற எல்லோரும் ஒரே வேலையைச் செய்வதில்லை. பூசைக்குப் போகிறவர்கள் கிளம்புவார்கள், வலை பின்னுகிறவர் அப்படியே பின்னிக்கொண்டிருப்பார். அதே மணியைத் துக்கத்துக்கு அடிக்கிற மாதிரி அடித்தால் வேறு ஆட்கள் வேறு வீட்டை நோக்கி நடப்பார்கள்.

ஹார்மோனும் அப்படித்தான். உடம்பில் ஒரு சுரப்பி அதைச் செய்து ரத்தத்தில் விடுகிறது, ரத்தம் போகிற இடமெல்லாம் அதுவும் போகிறது, ஆனால் அந்தச் செய்தியை வாங்கிக்கொள்ள வசதி இருக்கிற உறுப்பு மட்டும்தான் வேலை செய்யும். ஹார்மோன் என்பது செய்தி, அவ்வளவுதான். நல்ல ஹார்மோன், கெட்ட ஹார்மோன் என்று கிடையாது. ‘ஆண் ஹார்மோன்’ என்று நாம் சொல்கிற ஆண்ட்ரோஜென்கூட எல்லாப் பெண்கள் உடம்பிலும் கொஞ்சம் இருக்கிறது, இருக்கவும் வேண்டும்.

அட்ரீனல் என்கிற சின்னச் சுரப்பி

சிறுநீரகம் இரண்டின் தலையிலும் தொப்பி வைத்த மாதிரி ஒவ்வொரு சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதுதான் அட்ரீனல். ஒன்று ஐந்து கிராம்கூட வராது. அந்தச் சின்னதுதான் மூன்று பெரிய வேலைகளைப் பார்க்கிறது.

கார்டிசால் என்ற ஹார்மோனைச் செய்கிறது. காய்ச்சல், விபத்து, ஆபரேஷன், பட்டினி என்று உடம்புக்கு நெருக்கடி வரும்போது ரத்த அழுத்தமும் சர்க்கரையும் விழுந்துவிடாமல் தாங்கிப் பிடிப்பது இதுதான். இது இல்லாமல் உயிர் தங்காது. அடுத்து ஆல்டோஸ்டீரோன். இது உடம்பில் இருக்கிற உப்பு சிறுநீரோடு ஓடிவிடாமல் காவல் காக்கிறது. மூன்றாவதாகக் கொஞ்சம் ஆண்ட்ரோஜென்.

மூன்றுக்கும் மூலப்பொருள் ஒன்றுதான், கொலஸ்ட்ரால். ஆமாம், நாம் பயப்படுகிற அதே கொலஸ்ட்ரால். அதைப் படிப்படியாக மாற்றி மாற்றித்தான் இந்த மூன்றும் வருகின்றன. ஒவ்வொரு படியையும் தாண்ட ஒரு என்சைம் வேண்டும். எங்கள் பக்கம் ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால்தான் ஒழுங்காக உறையும், அப்படி உறைந்தால்தான் ஷீட் அடிக்க முடியும். ஆசிட் இல்லையா, நேரத்துக்கு ஷீட் கிடைக்காது. என்சைம் என்பதும் அப்படி ஒன்றை இன்னொன்றாக மாற்றுகிற பொருள்.

சி.ஏ.ஹெச். இருக்கிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஒரே என்சைம்தான் குறைகிறது: 21-ஹைட்ராக்சிலேஸ். பெயரை மறந்துவிட்டாலும் பரவாயில்லை, அடுத்து வருகிற சானல் கதையை மட்டும் மறக்காதீர்கள்.

பேச்சிப்பாறைத் தண்ணீரும் கடைமடை வயலும்

ஜூன் மாதம் கன்னிப்பூ நெல் சாகுபடிக்குப் பேச்சிப்பாறை அணையிலிருந்து தண்ணீர் திறப்பார்கள். அது தோவாளை சானல், அனந்தனார் சானல் என்று பிரிந்து பிரிந்து வயலுக்கு வரும். இப்போது ஒரு சானலில் மண் சரிந்து அடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கடைமடையில் வயல் வெடித்துக் கிடக்கிறது. விவசாயிகள் போன் போட்டு, “தண்ணி வரல, தண்ணி வரல” என்று சத்தம் போடுகிறார்கள். மேலே ஷட்டர் பக்கத்தில் இருக்கிறவருக்கு அடைப்பு இருப்பது தெரியாது. சரி, இன்னும் திறந்துவிடுவோம் என்று திறக்கிறார். தண்ணீர் அடைத்த சானலில் போக முடியாது, அதனால் பக்கத்துக் கிளைவாய்க்கால் வழியாகப் பாய்ந்து யாரோ ஒருவரின் வாழைத்தோப்பை மூழ்கடிக்கிறது. கடைமடை இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. மறுபடி போன், மறுபடி ஷட்டர்.

என் உடம்பில் நடப்பது அச்சு அசல் இதுதான். அடைப்பு அந்த 21-ஹைட்ராக்சிலேஸ் படியில். காய்ந்த வயல் கார்டிசாலும் ஆல்டோஸ்டீரோனும். ஷட்டர்காரர் மூளைக்கு அடியில் இருக்கிற பிட்யூட்டரி என்ற சுரப்பி. ‘கார்டிசால் வரவில்லை’ என்று அது அட்ரீனலை விரட்டிக்கொண்டே இருக்கும். விரட்ட விரட்ட அட்ரீனல் வேலை செய்து செய்து பெருத்துப் போகும் (பெயரில் இருக்கிற ‘மிகைவளர்ச்சி’ இதுதான்). மூழ்குகிற வாழைத்தோப்பு ஆண்ட்ரோஜென். என் முகத்து முடி, சின்ன வயதிலேயே வந்த பரு, கொஞ்சம் கட்டையான குரல் எல்லாம் அந்தத் தோப்பில் நிற்கிற தண்ணீர்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: ஊர் கண்ணுக்குத் தெரிவது தோப்பில் நிற்கிற தண்ணீர். அதனால் ‘ஆண் ஹார்மோன் அதிகம்’ என்கிறார்கள். நோய் இருப்பது வறண்ட வயலில். குறைவால்தான் அதிகம் வந்தது. நான் இந்தக் கட்டுரையை எழுதுவதே இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

பதின்மூன்றாம் நாள்

எனக்கு முன்னால் ஓர் அண்ணன் பிறந்தான். நல்ல எடை, நல்ல நிறம், ஆண் பிள்ளை என்று வீடே கொண்டாடியது. பத்தாம் நாள் பாலைக் கக்க ஆரம்பித்தான். பதின்மூன்றாம் நாள் போய்விட்டான். கண்ணேறு என்றார்கள், தோஷம் என்றார்கள், அம்மையின் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றும் சொன்னார்கள். அம்மை அந்தக் கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். அவனுக்கு என்ன என்று யாரும் சோதிக்கவில்லை, அதனால் உறுதியாக எழுத முடியாது. ஆனால் நான் பிறந்து எனக்கு இது இருப்பது தெரிந்தபோது, டாக்டர் முந்தின பிள்ளையைப் பற்றி விசாரித்துவிட்டு, அவனுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும் என்றார்.

கடுமையான வகை சி.ஏ.ஹெச். இருக்கிற குழந்தைகளில் நான்கில் மூன்று பேருக்கு ஆல்டோஸ்டீரோன் போதாமல் உப்பு உடம்பில் தங்காது. பிறந்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் வாந்தி, பால் குடிக்காமை, எடை இறங்குவது, துவண்டு போவது எல்லாம் வரும். சோடியம் இறங்கும், பொட்டாசியம் ஏறும், கவனிக்காவிட்டால் இதயம் நின்றுவிடும். பெண் குழந்தை என்றால் வயிற்றில் இருக்கும்போதே ஆண்ட்ரோஜென் கூடிப்போனதால் பிறப்புறுப்பின் வெளித்தோற்றம் கொஞ்சம் மாறியிருக்கும், டாக்டருக்குச் சந்தேகம் வந்துவிடும். ஆண் குழந்தைக்கு வெளியே பெரும்பாலும் எந்த வித்தியாசமும் தெரியாது. அதனால்தான் ஆண் குழந்தைகள் பலர் என்ன நோய் என்று யாருக்கும் தெரியாமலே போய்விடுகிறார்கள்.

என் உடம்பைப் பார்த்து எல்லோரும் பயந்தார்களே, அந்த வித்தியாசம்தான் என்னைக் காப்பாற்றியது. இதை நான் நினைக்காத நாள் இல்லை.

எனக்கு மாத்திரையோடு உப்பும் கொடுக்கச் சொன்னார்கள். டாக்டர் சொன்ன அளவை அம்மை தண்ணீரில் கரைத்துச் சங்கில் ஊட்டினாள். சின்னக் குழந்தைக்கு உப்பு கொடுக்கிறாளே என்று அக்கம்பக்கத்தில் திட்டினார்கள். நான் காலேஜ் படிக்கும்போதுதான் இந்தச் சானல் கதையை அம்மைக்குச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “அப்போ என் பால் இல்லையா மக்ளே” என்றாள். 20 வருஷத்துக்கு மேல் அதைச் சுமந்திருக்கிறாள்.

யாரிடமிருந்து வந்தது?

இந்த என்சைமைச் செய்யச் சொல்கிற குறிப்பு, அதாவது மரபணு, நம் எல்லோரிடமும் இரண்டு பிரதி இருக்கிறது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் இன்னொன்று சமாளித்துக்கொள்ளும், அவருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. அப்படி ஒரு பழுதான பிரதி வைத்திருக்கிற இரண்டு பேர் கல்யாணம் செய்தால், ஒவ்வொரு பிரசவத்திலும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பிள்ளைக்கு இரண்டும் பழுதானதாக வந்துசேர. ‘ஒரு பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைக்கு வராது’ என்பது தப்புக் கணக்கு. ஒவ்வொரு தடவையும் சோழி புதிதாக உருளும். என் வீட்டில் அடுத்தடுத்து இரண்டு தடவை விழுந்திருக்க வேண்டும். சொந்தத்தில் கல்யாணம் செய்தால் இரண்டு பேரிடமும் ஒரே பழுது இருக்கிற வாய்ப்பு கூடும், ஆனால் சொந்தம் இல்லாத என் அப்பா அம்மைக்கும் நடந்தது. அம்மை மட்டும் காரணம் என்கிற பேச்சுக்கு இதில் இடமே இல்லை.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல நகரங்களில் பச்சிளங்குழந்தைகளைச் சோதித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில் 5,762 குழந்தைகளுக்கு ஒருவருக்கு இது இருந்தது. சென்னையில் மட்டும் பார்த்தால் 2,036க்கு ஒருவர். நாம் நினைக்கிற அளவுக்கு அபூர்வம் இல்லை.

கண்டுபிடிப்பதும் கஷ்டமில்லை. பிறந்து 48 மணி நேரம் கழித்துக் குதிகாலில் ஊசியால் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, 17-ஓ.ஹெச்.பி. என்ற பொருளின் அளவைப் பார்ப்பார்கள். அடைப்புக்கு மேலே தேங்கி நிற்கிற தண்ணீர்தான் அது. நம் எல்லையைத் தாண்டிக் கேரளத்தில் அரசு ஆஸ்பத்திரிகளில் பச்சிளங்குழந்தைகளுக்குச் செய்கிற சோதனைகளில் சி.ஏ.ஹெச்.சும் உண்டு. இங்கே பிரசவத்துக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்குங்கள், முக்கியமாக வீட்டில் முன்பு காரணம் தெரியாமல் ஒரு பச்சைப் பிள்ளை போயிருந்தால்.

“பிள்ளை ஆணா பெண்ணா?”

நான் பிறந்தபோது வராந்தாவில் நின்றவர்கள் கேட்ட முதல் கேள்வி இது. எனக்குக் கருப்பையும் சினைப்பையும் எந்தக் குறையும் இல்லாமல் இருக்கின்றன, குரோமோசோமும் பெண்களுக்கு வழக்கமாக இருக்கிற எக்ஸ் எக்ஸ். ஆண்ட்ரோஜென் மாற்றியது வெளித்தோற்றத்தை மட்டும். நான் பெண் என்பதில் எனக்கு ஒருநாளும் குழப்பம் வந்ததில்லை. சி.ஏ.ஹெச். இருக்கிற சிலர் தங்களை வேறு விதமாக உணரலாம், அது அவரவர் சொல்ல வேண்டியது, பந்தியில் இருக்கிறவர்கள் சொல்ல வேண்டியது அல்ல. திருநங்கையர், திருநம்பியர் வாழ்க்கை வேறு கதை, அவர்களையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் இரண்டு பக்கமும் அநியாயம்.

எனக்கு இரண்டு வயதில் ஆபரேஷன் செய்தார்கள். உயிருக்கு ஆபத்து என்பதற்காக இல்லை, பார்க்க எல்லாப் பெண்பிள்ளைகளையும் போல இருக்க வேண்டும் என்பதற்காக. அன்றைக்கு எல்லோரும் அதைத்தான் சரி என்று நம்பினார்கள், அப்பா அம்மையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தழும்பும் வலியும் என்னுடையது, முடிவு என்னுடையது இல்லை. 2019 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, இடைப்பாலின உடலமைப்போடு (ஆண், பெண் என்கிற வழக்கமான அமைப்புக்குள் அடங்காத உடம்போடு) பிறக்கிற குழந்தைகளுக்கு இப்படிப்பட்ட ஆபரேஷன் கூடாது என்றது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி அதைத் தடை செய்து ஆணை போட்டது. இந்தியாவிலேயே முதல் தடவை. அந்தச் செய்தியைப் பஸ்ஸில் மார்த்தாண்டம் தாண்டும்போது போனில் படித்தேன், நாகர்கோவில் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன்.

மாத்திரை என்கிற டேங்கர் லாரி

சானல் அடைப்பை எடுக்க இப்போதைக்கு வழி இல்லை. அதனால் தினமும் டேங்கர் லாரியில் தண்ணீர் கொண்டுபோய்க் கடைமடை வயலில் விடுகிறோம். ஹைட்ரோகார்டிசோன் மாத்திரை கார்டிசாலுக்குப் பதில். ஃப்ளூட்ரோகார்டிசோன் ஆல்டோஸ்டீரோனுக்குப் பதில். வயல் நனைந்ததும் போன் வருவது நிற்கும், ஷட்டர் இறங்கும், தோப்பில் தண்ணீர் வடியும். 1950 வாக்கில் அமெரிக்காவில் லாசன் வில்கின்ஸ் என்ற மருத்துவர் கார்டிசோன் கொடுத்து இது நடப்பதைக் காட்டினார். அதற்கு முன் என்னைப் போன்ற குழந்தைகள் பிழைப்பதே அபூர்வம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கேதான் ‘ஆண் ஹார்மோன் அதிகம்’ என்ற பேச்சு உயிருக்கு உலை வைக்கிறது. “இது ஸ்டீராய்டு இல்லியா, அதான் முகம் வீங்குது, நிறுத்திட்டு நாட்டு மருந்து பாரு” என்று எனக்கு எத்தனையோ பேர் சொல்லியிருக்கிறார்கள். உடம்பை முறுக்கேற்ற ஜிம்மில் போடுகிற ஸ்டீராய்டு வேறு. நான் சாப்பிடுவது என் உடம்பே செய்திருக்க வேண்டியதை, செய்திருக்க வேண்டிய அளவில். அளவு கூடினால் உடம்பு போடும், சின்னப் பிள்ளைக்கு வளர்ச்சி குறையும், அளவு குறைந்தால் ஆண்ட்ரோஜென் ஏறும். அதனால்தான் அடிக்கடி ரத்தப் பரிசோதனை, அடிக்கடி அளவு மாற்றம். சட்டென்று நிறுத்தினாலோ உயிரே போகலாம்.

இன்னொன்று. காய்ச்சல் வந்தால் வயலில் அனல்காற்று அடிக்கிற மாதிரி, ஒரு லாரி போதாது. டாக்டர் எழுதிக்கொடுத்தபடி மாத்திரையை இரண்டு மூன்று மடங்காக்க வேண்டும். வாந்தி எடுத்து மாத்திரை உள்ளே தங்காவிட்டால் ஊசி போட வேண்டும், உடனே, ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்காமல்.

பிளஸ் டூ படிக்கும்போது எனக்குக் காய்ச்சல். பரீட்சை என்று மாத்திரையைக் கூட்டாமல் பள்ளிக்கூடம் போய்விட்டேன், அங்கே வாந்தி எடுத்து மயங்கி விழுந்தேன். டீச்சர் பதறிப்போய்ப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார், சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று குளுக்கோஸ் ஏற்றினார்கள். அப்பா என் டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டோடு வந்து சேர இரண்டு மணி நேரம். அந்தச் சீட்டைப் பார்த்த பிறகுதான் ஹைட்ரோகார்டிசோன் ஊசி போட்டார்கள், அரை மணி நேரத்தில் கண் திறந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒருவருக்குக்கூட எனக்கு என்ன என்று தெரியாது. ஏனென்றால் “வெளியே சொல்லாதே, நாளைக்குக் கல்யாணம் ஆகணும்” என்று வீட்டில் சொல்லியிருந்தார்கள்.

சுருக்கமாக: மாத்திரை முடியைக் குறைக்க அல்ல, உயிரைத் தாங்க. தினமும் வேண்டும், காய்ச்சல் மாதிரி ஏதாவது வந்தால் கூடுதலாக வேண்டும், பக்கத்தில் இருக்கிற நான்கு பேருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இந்த உடம்போடு இருப்பது

மூன்றாம் வகுப்பில் அசெம்பிளி வரிசையில் நான்தான் கடைசி, அவ்வளவு உயரம். ஏழாம் வகுப்பில் முதல் ஆளாக நின்றேன். ஆண்ட்ரோஜென் எலும்பை வேகமாக வளர்த்துவிட்டு, வளர்கிற நுனியைச் சீக்கிரமே மூடிவிடும். மற்றவர்கள் வளர்ந்துகொண்டே இருந்தார்கள், நான் 4 அடி 8 அங்குலத்தில் நின்றுவிட்டேன். 16 வயதில்தான் வயதுக்கு வந்தேன். அதுவரை வீட்டுக்கு வருகிறவர்கள் அம்மையிடம் கண்ணால் கேட்பதும் அம்மை தலையை ஆட்டுவதும் எனக்குத் தெரியாமல் இல்லை.

பல வருஷம் நான் துப்பட்டாவைத் தாடை வரை இழுத்துப் பிடித்தேதான் நடந்தேன். யாராவது சிரித்தால் என்னைப் பார்த்துத்தான் என்று தோன்றும். போட்டோவில் நிற்க மாட்டேன். உடம்பை நேசி என்று யாராவது சொன்னால் எரிச்சலாக வரும், நேசிக்கிறது எப்படி என்று யாரும் சொல்லித்தரவில்லையே.

எனக்கு மாறியது இந்தச் சானல் கதை முழுசாகப் புரிந்த பிறகுதான். முகத்து முடியை அதுவரை என் வெட்கமாகப் பார்த்தேன். அது மூளை என்னைப் பிழைக்க வைக்க ஷட்டரைத் திறந்து திறந்து பார்த்ததால் வந்தது என்று தெரிந்ததும், என் உடம்பின் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. ஒரு நாளில் வரவில்லை, பைய வந்தது. நடுவில் திரும்பிப் போன நாட்களும் உண்டு, இப்போதும் உண்டு.

முடியை எடுக்கிறேன், எடுக்காமலும் இருக்கிறேன். பார்லரில் த்ரெட்டிங் செய்கிற அக்காவிடம் முதல் தடவையே விஷயத்தைச் சொல்லிவிட்டேன், அவர் கேட்ட ஒரே கேள்வி வலிக்கிறதா என்பதுதான். தையல் கடையில் அளவு எடுக்கும்போது கூசிக் குறுகுவதை நிறுத்த இன்னும் நாளானது. சி.ஏ.ஹெச். இருக்கிற பெண்கள் சரியாக மருந்து எடுத்தால் கர்ப்பம் தரிக்க முடியும், பலர் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். நான் கல்யாணம் செய்யவில்லை, அதற்குக் காரணம் இந்த நோய் இல்லை.

அந்தக் கல்யாண வீட்டில் மாமியிடம், “தைராய்டு இல்ல மாமி, பிறவியிலேயே உள்ளது” என்று ஆரம்பித்துப் பாயசம் வருகிற வரைக்கும் சானல் கதையைச் சொன்னேன். அவர் வீட்டு வயலும் கடைமடைதான், அதனால் டக்கென்று புரிந்துகொண்டார். போகும்போது அந்த ஊசியை எங்கே வைத்திருக்கிறாய் என்று கேட்டார். கைப்பையில் சிவப்பு ஜிப் போட்ட அறையில் ஒன்று, வீட்டில் பிரிட்ஜ் மேலே இருக்கிற டப்பாவில் ஒன்று, ஆபீஸ் மேசையின் இரண்டாவது டிராயரில் ஒன்று. மூன்றோடும் ஒரு அட்டை இருக்கிறது. அதில் தமிழில் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன்: எனக்கு அட்ரீனல் பற்றாக்குறை. மயங்கிக் கிடந்தால் குளுக்கோஸ் மட்டும் போதாது. முதலில் இந்த ஊசியைத் தொடையில் போடுங்கள், பிறகு 108ஐக் கூப்பிடுங்கள்.